தாட்சண்யமும் சம்பளச் சீட்டும்

உக்கடம் பேருந்து நிலையத்தில் காலை ஆறு மணி தொடங்கிப் பத்து மணி வரையில் ஓர் ஓரமாக நின்று பார்க்கிறவர்கள், கோயமுத்தூர் என்னும் தொழில் நகரம் யாருடைய கைகளினால் நடந்துகொண்டிருக்கிறது என்பதைப் பிறர் எடுத்துச் சொல்லாமலே அறிந்துகொள்ளலாம். பெரியகுளத்துக் காற்று மீன் அங்காடியின் வாடையைச் சுமந்து வருகிற முதல் வேளையிலேயே, பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, வாளையார்ப் பக்கத்துப் பஸ்கள் சோற்றுப் பைகளோடு ஆட்களை இறக்கிவிடத் தொடங்குகின்றன. லேத் பட்டறைக்குப் போகிறவர்கள் குறிச்சி சிட்கோவை நோக்கியும், மில்லுக்குப் போகிறவர்கள் சிங்காநல்லூர் வண்டியை நோக்கியும் பிரிந்து செல்ல, வெயில் ஏறியபின், ஒப்பணக்காரத் தெரு ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் புடவை விரித்துக் காட்டப்போகிற பெண்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குகிறார்கள்.

2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட ஆத்துப்பாலம் மேம்பாலத்தின் அடியில், தேநீர்க் கடையொன்றில் நின்றிருந்தபோது, இருவர் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. இளையவர் பட்டறைத் தொழிலாளி. மூத்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"போன மாசச் சம்பளத்துல பாதி இன்னும் நிக்குதுங்ணா. கேட்டா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்ங்கறாரு."

"மொத்தம் எவ்வளவு நிக்குதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்குதா, தம்பி?"

"அதெப்புடிங்ணா கேக்கறது? சொந்தக்காரராட்டப் பழகறாரு. எழுதிக் குடுங்கன்னா மனசு சங்கடப்படுவாருங்க."

அந்த இளைஞர் சொன்ன சங்கடத்துக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் தாட்சண்யம். கொங்கு நாட்டின் வேலைத்தலங்களில் சம்பள விவகாரங்கள் சிக்கலாகிப் போவதற்குப் பேராசையும் அநீதியும் காரணமாயிருக்கிற சந்தர்ப்பங்கள் உண்டு என்றாலும், அவற்றைக் காட்டிலும் அதிகமான சந்தர்ப்பங்களில், கேட்க வேண்டியவர் கேட்கக் கூசுவதும், எழுதித் தர வேண்டியவர் அதைத் தம்மீது வைத்த அவநம்பிக்கையாக எண்ணிக்கொள்வதுமே காரணமாயிருக்கின்றன என்பது என் துணிபு. எழுத்து நம்பிக்கைக்குப் பகையன்று, அதற்குக் காவல் என்பதை இருதரப்பாருக்கும் இயன்ற அளவு விளக்கிச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நம்பிக்கையின் பெருமையும் அதன் எல்லையும்

இந்த ஊரின் பட்டறை முதலாளிகளில் பலர் ஒரு காலத்தில் தாமே லேத்தின் முன் நின்றவர்கள். கடன் வாங்கி ஒரு பழைய இயந்திரத்தை வாங்கி, வீட்டின் பின்கட்டில் நிறுத்தி, இரவு பகலாக ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்து, பிறகு இரண்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்தவர்கள். தொழிலாளியின் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்வரிசையில் உட்காருவார்கள். பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு முன்பணம் கொடுப்பார்கள். மதியச் சோற்றைப் பகிர்ந்து உண்பார்கள். இந்த உறவு கோயமுத்தூரின் செல்வங்களில் ஒன்று. அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று.

ஆனால் எழுதப்படாத நம்பிக்கை இருவருடைய ஞாபகத்தின் மீது மட்டுமே நிற்கிறது. ஆர்டர்கள் நிறைந்து தொழில் செழித்திருக்கும் காலத்தில் அவ்விரு ஞாபகங்களும் ஒத்துப்போகின்றன. மந்தம் வந்து, வங்கிக்காரர் வாசலில் நிற்கும்போதோ, பெரியவர் காலமாகி மகன் பொறுப்பேற்கும்போதோ, அதே ஞாபகங்கள் இரண்டு திசைகளில் பிரிந்துவிடுகின்றன. "மாசம் பதினெட்டாயிரம்னு பேசினோம்" என்று ஒருவரும், "அதில் ஓவர்டைமும் சேர்த்தி" என்று மற்றவரும் சொல்லும்போது இருவருமே உண்மை பேசுகிறவர்களாகவும் இருக்கக்கூடும். அந்த நேரத்தில் நீதி வழங்க வருகிறவர் எவராயினும் அவர் முதலில் கேட்கும் கேள்வி, காகிதம் ஏதாவது இருக்கிறதா என்பதுதான்.

எழுத்து வந்த வழி

சம்பளத்துக்குத் தேதியும் கணக்கும் சீட்டும் உண்டு என்னும் இன்றைய நிலை ஒரே நாளில் வந்ததன்று. சென்னையில் 1918 ஏப்ரல் 27-இல், பின்னி நிறுவனத்தின் ஆலைத் தொழிலாளருக்காக, பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, திரு.வி.க. முதலியோரின் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன்பின் ஆலை நிர்வாகம் நீதிமன்றம் சென்று சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடை உத்தரவு பெற்றது; சம்பளம் உயர்த்திக் கேட்கும்படி தொழிலாளரை ஒன்றுசேர்ப்பதே சட்ட விரோதமாகக் கருதப்படக்கூடிய ஒரு நிலைமை அன்று இருந்தது. அந்த வழக்கு நாடெங்கும் எழுப்பிய விவாதமே 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்தது.

கோயமுத்தூரில் 1888-இல் நிறுவப்பட்ட ஸ்டேன்ஸ் ஆலை முன்னோடியாக நிற்க, 1932-இல் பைக்காராவின் மின்சாரம் மலையிறங்கி வந்ததும், பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் பஞ்சாலைக்குப் பின் பஞ்சாலையாக எழுந்தது. கிராமத்துக் குடியானவப் பிள்ளைகள் மில்காரர்களாயினர். அக்காலத்து இந்திய ஆலைகளின் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷன் 1931-இல் தன் அறிக்கையை அளித்தபோது, சம்பளத்தைத் தாமதித்துக் கொடுப்பதும், மேஸ்திரியின் மனம்போல் அபராதம் பிடிப்பதும் நாடெங்கும் பரவியிருப்பதை எடுத்துரைத்தது. அதன் பயனாகப் பிறந்ததே 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்னும் விதியை அன்று அச்சட்டம் எழுதிவைத்தது. நம் வீடுகளில் 'ஏழாந் தேதி' என்னும் சொல்லுக்கு உண்டான மதிப்பில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

எழுதப்பட்ட சட்டம் ஆலை வாயிலுக்குள் நுழைவதற்குப் பின்னும் பெரும் பிரயத்தனம் தேவைப்பட்டது. கோவைப் பஞ்சாலைத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய என்.ஜி. ராமசாமி 1943-இல் இளம் வயதிலேயே மறைந்தார். ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளரின் போராட்டத்தை ஒட்டி எழுந்த ஒரு கொலை வழக்கில், சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8-இல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு நவம்பர் 11-இல் ஸ்டேன்ஸ் ஆலைத் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. இன்று ஒரு தொழிலாளி தம் கைப்பேசியில் பி.எப். கணக்கைத் திறந்து பார்க்கும்போது, இந்த நகரத்தின் மண்ணில் சிந்திய அந்த ரத்தம் அவருடைய நினைவுக்கு வர வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

சம்பளத்தை வாசிப்பது எப்படி?

மத்திய அரசின் இருபத்தொன்பது தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகச் சுருக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டுள்ளன. ஊதியம், தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என்பன அந்நான்கின் பொருள்கள். அவற்றைப் பற்றித் தொழிற்சங்கங்களும் தொழிலதிபர்களும் வெவ்வேறு அபிப்பிராயங்கள் கொண்டிருக்கிறார்கள். அந்த விவாதம் நடக்கட்டும். சாதாரண மனிதர் தம் சம்பளத்தை வாசிக்கத் தெரிந்துகொள்வதற்கு வேண்டிய சில விஷயங்களை மட்டும் இங்கே சொல்லுகிறேன்.

வேலையில் சேருகிற ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். அதனுடன் சம்பளச் சீட்டும் வர வேண்டும். வேலையை விட்டு விலகினாலும், விலக்கப்பட்டாலும், சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். வழக்கமான நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால், அந்த நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. பிடித்தங்கள் அனைத்தும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டலாகாது. அபராதம் விதிப்பதானால் முதலில் காரணம் கேட்டுப் பதில் சொல்ல அவகாசம் அளிக்க வேண்டும். அப்போதும் அந்தச் சம்பளக் காலத்துக்குரிய சம்பளத்தில் 3 சதவிகிதத்துக்கு மேல் அபராதம் கூடாது.

சீட்டைக் கையில் வாங்கியதும் அடியிலுள்ள மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்வது நம்மில் பலருடைய வழக்கம். மேலேயுள்ள வரிகளையும் படிக்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் மிகச் சிறிதாகக் காட்டி, மீதியை வீட்டு வாடகைப் படி, பயணப் படி என்று பலவாறாகப் பிரித்து எழுதுகிற வழக்கம் நெடுநாளாக உண்டு. பி.எப்., கிராஜுவிட்டி ஆகிய இரண்டும் அந்தச் சிறிய தொகையின் மீது கணக்கிடப்பட்டதனால், இன்றைய சம்பளம் குறையாதது போல் தோன்றினாலும் நாளைய சேமிப்பு குறைந்துகொண்டே வந்தது. புதிய தொகுப்பு இப்படிப் பிரித்த படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்டால், மிகுதியைச் சம்பளமாகவே கொள்ள வேண்டும் என்கிறது. இதனால் சிலருக்குக் கையில் வாங்கும் தொகை சிறிது குறையலாம். ஆனால் குறைந்தது தொலைந்துவிடவில்லை, தம் பெயரிலுள்ள கணக்கிலே சேர்ந்திருக்கிறது என்பதை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

வருங்கால வைப்பு நிதிக்குத் தொழிலாளி 12 சதவிகிதமும் முதலாளி 12 சதவிகிதமும் செலுத்துவது பொதுவான முறை. மாதம் 21,000 ரூபாய் வரையில் சம்பளம் பெறுகிறவர்களுக்கு உரிய ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவிகிதம், முதலாளியின் பங்கு 3.25 சதவிகிதம். அத்திட்டம் 1955-இல் தமிழகத்தில் முதன்முதலாகக் கால் வைத்த ஊர் கோயமுத்தூரே என்பதும், சிங்காநல்லூரில் அதற்குப் பெரிய மருத்துவமனை உண்டு என்பதும் நமக்குப் பெருமை தருவன. சம்பளத்தில் பிடித்த பணம் உண்மையில் கணக்கில் சேர்ந்ததா என்பதை மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் பார்த்துக்கொள்வது, பிடித்துக் கட்டாமல் விடப்பட்ட தொகை மலையாக வளர்வதற்கு முன் அதைக் கண்டுகொள்ளும் எளிய வழி.

தீபாவளிக்கு முன் வரும் போனஸ் முதலாளி மனமுவந்து கொடுக்கும் இனாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டம் பொருந்தும் நிறுவனத்தில், வரம்புக்குட்பட்ட சம்பளத்தில், ஆண்டில் முப்பது நாளேனும் வேலை செய்தவருக்குக் குறைந்தது 8.33 சதவிகிதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம், போனஸாகச் சேர வேண்டும். உச்ச வரம்பு 20 சதவிகிதம். அதே போல, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்து விலகுகிறவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் கிராஜுவிட்டியாக உரியது. குறிப்பிட்ட காலத்துக்கென்று ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டவருக்கு ஓராண்டு போதும்.

பணத்தை மொத்தமாகப் பின்னால் தருகிறோம் என்னும் வாக்குறுதி எவ்வளவு அபாயமானது என்பதற்கு நம் பகுதியிலேயே ஓர் உதாரணம் உண்டு. சுமங்கலித் திட்டம் என்றும் திருமண உதவித் திட்டம் என்றும் பெயர் சூட்டி, ஏழைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளைப் பயிலுநர் என்ற பெயரில் பஞ்சாலை விடுதிகளில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிவில் ஒரு தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கிய முறை கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் பல ஆண்டுகள் நடந்தது. உடல் நலம் குன்றியோ, வேறு காரணத்தாலோ இடையிலே ஊர் திரும்பிய பெண்கள் பலர் அந்தத் தொகையை இழந்தார்கள். 2008-இல் தமிழ்நாடு அரசு அந்தப் பயிலுநர்களுக்கும் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயித்தது. உழைத்த மாதத்தின் கூலி அந்த மாதத்துக்கே உரியது. அதை வருங்காலத்தின் சீர்வரிசையாக மாற்றிக் காட்டுவது நியாயமாகாது.

கடையிலும் ஒப்பந்தத்திலும் வேலை செய்பவர்கள்

ஒப்பணக்காரத் தெருவின் பெண்களை முதலில் குறிப்பிட்டேன். காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருந்ததனால் கால் நரம்பு முடிச்சிட்டுக்கொண்டு அவதிப்பட்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். 2018-இல் கேரளத்தில் வந்த ஒரு சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து, 2021-இல் தமிழ்நாடும் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வாய்ப்புக் கிடைக்கும் வேளைகளில் ஊழியர் உட்காருவதற்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று விதித்தது. அந்த முக்காலியைக் கேட்டு வாங்குவதும் தாட்சண்யத்தைக் கடந்தால்தான் கைகூடும்.

1947-ஆம் ஆண்டின் அதே சட்டம் இன்னொரு பாதுகாப்பையும் அளிக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த கடை ஊழியரை, தக்க காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இன்றியும் நீக்க இயலாது. குற்றம் சாட்டி நீக்குவதானால் விசாரணை நடத்த வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமொன்று, அது பொருந்தும் தொழிற்கூடங்களில், இருபத்துநான்கு மாதங்களுக்குள் 480 நாட்கள் வேலை செய்தவருக்கு நிரந்தர அந்தஸ்து உண்டு என்கிறது. அந்த 480 நாட்களை யார் எண்ணுவது? வருகைப் பதிவு முதலாளியிடம் இருக்கிறது. ஆகையால் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில், வந்த நாளையும் செய்த ஷிப்டையும் தொழிலாளி தம் கைப்படக் குறித்துவருவது நலம். அன்றன்று எழுதிய குறிப்புக்கு எந்த விசாரணையிலும் ஒரு கௌரவம் உண்டு.

ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வருகிறவர்கள், சம்பளம் நின்றுபோனால் யாரைக் கேட்பது என்று திகைக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் கொடுக்கத் தவறினால், யாருடைய வேலை நடந்ததோ அந்த முதன்மை நிறுவனமே சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தக்காரரிடம் பிறகு வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டின் சட்டம் வகுத்த நெறி. புதிய தொகுப்பும் அந்த நெறியை விட்டுவிடவில்லை. வடநாட்டிலிருந்து வந்து, மொழி தெரியாமல், மேஸ்திரியின் ஒரு சொல்லை மட்டுமே நம்பி உழைக்கிறவர்களுக்கு இதை அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்வது அக்கம்பக்கத்தாரின் தர்மம்.

மேலாளருடன் பேசும் முறை

மனத்தாங்கல் ஏற்பட்டதும் பேச்சை நிறுத்திவிடுவது ஒரு வகை; கோபத்தில் எல்லார் முன்னிலையிலும் கத்திவிடுவது மற்றொரு வகை. இரண்டும் கேட்பவரின் கட்சியைப் பலவீனப்படுத்தும். முதலில் தனியே சந்தித்து, மரியாதை குறையாமல், தேதியும் தொகையும் சொல்லிப் பேச வேண்டும். பேசிய அன்று மாலையே, "இன்று தங்களிடம் கூறியபடி, எனக்கு இன்ன மாதத்துச் சம்பளத்தில் இவ்வளவு ரூபாய் நிலுவையில் உள்ளது, இன்ன தேதிக்குள் தருவதாகத் தாங்கள் அன்புடன் தெரிவித்தீர்கள்" என்று நான்கு வரி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போதும், அதில் பகைமை எதுவும் இல்லை, அதே சமயம் பேசியது காற்றோடு போகாமல் நிற்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், இருதரப்பாரும் சமமாக அமர்ந்த குறைதீர்க் குழு இருக்க வேண்டும். குறை நேர்ந்த ஓராண்டுக்குள் அங்கே மனுக் கொடுக்கலாம்.

மெமோ கொடுத்தால் அதை வாங்க மறுக்கக் கூடாது. வாங்கிய தேதியைக் குறித்துக் கையெழுத்திட்டு, கெடுவுக்குள் விளக்கம் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் வாங்கிவைக்க வேண்டும். உள்விசாரணைக்கு அழைத்தால் போகாமல் இருந்துவிடுவது பெரும் பிழை. வராதவரைப் பற்றி ஒருதரப்பாகவே முடிவு எழுதப்பட்டுவிடும். விசாரணைக்காகத் தற்காலிகமாக நீக்கிவைத்தால், முதல் தொண்ணூறு நாட்களுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெற்றுக் காகிதத்தில் ஒருபோதும் கையெழுத்திடலாகாது. "ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போ, செட்டில்மென்ட் பண்ணிடறோம்" என்று அவசரப்படுத்தும்போது, ஒரு நாள் அவகாசம் கேட்டு வீட்டுக்குச் சென்று யோசிக்கிறவர் பின்னால் வருந்தமாட்டார்.

பெண்களுக்கு வேலையிடத்தில் நேரும் பாலியல் தொந்தரவு இவற்றுக்கெல்லாம் மேற்பட்ட கொடுமை. 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வகுத்த நெறிகளைத் தொடர்ந்து வந்த 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி, பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்விசாரணைக் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் குறைந்த இடங்களில் வேலை செய்கிறவர்கள் மாவட்ட அளவிலுள்ள குழுவிடம் முறையிடலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணமிருந்தால் மேலும் மூன்று மாதம் அனுமதிக்கப்படலாம். இந்த விஷயத்தில் தாட்சண்யத்துக்கு அணுவளவும் இடமில்லை.

முதலாளியின் நிலுவை

சிறு முதலாளியின் பக்கத்தையும் பார்ப்பதே நியாயம். தேநீர்க் கடையில் நின்ற இளைஞரின் சம்பளம் பாதியில் நின்றதற்கு, அவருடைய முதலாளிக்குப் பெரிய நிறுவனமொன்றிலிருந்து வர வேண்டிய பில் தொகை மூன்று மாதமாக வராதது காரணமாயிருக்கலாம். பம்புக்கும் கிரைண்டருக்கும் உதிரிப் பாகம் கடைந்து கொடுக்கிற பட்டறைக்காரர், "பெரிய இடம், கேட்டால் அடுத்த ஆர்டர் வராது" என்று அதே தாட்சண்யத்தோடு காத்திருக்கிறார். 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கலாகாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வீதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். நிலுவையைத் தீர்த்துத் தருவதற்கென்றே வசதியாக்கக் குழுவும் உண்டு. வரவேண்டியதை முதலாளி எழுத்தில் கேட்கப் பழகினால், கொடுக்க வேண்டியதை எழுத்தில் கொடுப்பது அவருக்கும் இயல்பாகிவிடும்.

சோமனூர், பல்லடம் வட்டார விசைத்தறிக்காரர்களின் அனுபவம் இதற்குச் சரியான சாட்சி. ஜவுளி உற்பத்தியாளர்களிடம் பாவு நூல் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுக்கிற அவர்களுக்கு, 2021 நவம்பரில் நடந்த பேச்சுவார்த்தையில், சோமனூர் ரகத்துக்கு 23 சதவிகிதமும் பல்லடம் முதலிய பிற ரகங்களுக்கு 20 சதவிகிதமும் கூலி உயர்வு முடிவாயிற்று. அறிவிப்பு வந்ததே தவிர, உயர்ந்த கூலி பலருடைய கைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றன. அன்று முதல் அவர்கள் சதவிகிதத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. சட்டப் பாதுகாப்புடன் கூடிய, இருதரப்பும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் வேண்டும் என்கிறார்கள். மீறினால் கேட்பதற்கு வழியில்லாத உடன்பாடு பேச்சாகவே நின்றுவிடும் என்பதைத் தறிக்காரர்கள் தம் வயிற்றில் அடிபட்டே கற்றுக்கொண்டார்கள்.

கதவுகள் எங்கே திறந்திருக்கின்றன?

நேரில் பேசியும் தீராத விவகாரத்துக்கு நேரே நீதிமன்றம் போக வேண்டியதில்லை. சம்பளம், போனஸ், குறைந்தபட்சக் கூலி ஆகியவற்றுக்குத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் வெள்ளைத் தாளில் மனுக் கொடுக்கலாம்; சம்பள நிலுவைக்கு மூன்றாண்டு வரை அவகாசம் உண்டு. வேலை நீக்கம் போன்ற தகராறுகளில் சமரச அதிகாரி இருதரப்பையும் அழைத்துப் பேசுவார். நாற்பத்தைந்து நாட்களில் தீரவில்லையானால் தொழிலாளி தாமே தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆனால் நீக்கிய நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் அணுக வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவச சட்ட உதவி அளிக்கிறது. 15100 என்னும் எண்ணில் அழைத்தாலே வழி சொல்வார்கள். தொழிற்சங்கம் இருக்குமிடத்தில் அதைத் துணைக்கொள்வது இன்னும் நல்லது; தனியொருவர் கேட்கும்போது உண்டாகும் கூச்சம் பத்துப் பேர் சேர்ந்து கேட்கும்போது பெரிதும் தணிந்துவிடுகிறது.

அன்று தேநீர்க் கடையில் அந்தப் பெரியவர் இளைஞரைக் கடிந்துகொள்ளவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தம் கதையை மட்டும் சொன்னார். இந்த ஊரில் மூடிப்போன பஞ்சாலைகளில் ஒன்றில் அவர் வேலை செய்தவர்.

"பதினாறு வருசம் அந்த மில்லுல சைடு ஓட்டுனேன் தம்பி. முதலாளி பேர் சொல்லிக் கூப்புடுவாரு, அத்தனை பழக்கம். மூடுன பொறவு கணக்குப் பாத்தா, ஏழு வருசத்துக்குத்தான் காகிதம் இருந்துச்சு. மத்த ஒம்பது வருசம் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனா அவரு போயிட்டாரு."

இளைஞர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "எப்புடிங்ணா கேக்கறது?" என்று மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். ஆனால் இந்த முறை அது கேட்காமல் இருப்பதற்கான சமாதானமாக இல்லை. வழி தெரிந்துகொள்ளும் விருப்பமாகவே இருந்தது.

"மரியாதையாக் கேளு. 'ஏனுங்க, மறந்துருவனுங்க, ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தீங்கன்னா எனக்கும் நெனப்புல இருக்குமுங்க'ன்னு சொல்லு. நல்ல மனுசன்னா எழுதிக் குடுப்பாரு" என்றார் பெரியவர்.

குறிச்சி பஸ் வந்து நின்றது. இளைஞர் சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு, அந்த வாக்கியத்தை ஒரு முறை தமக்குள் சொல்லிப் பார்த்தபடியே ஏறிப்போனார்.